பச்சைக் குழந்தையை உலுக்காதீர்கள்: புதன்கிழமை ஊசி வரிசையில் கேட்ட கேள்விகள்

நீலகிரி மலையில் கிராம சுகாதார செவிலியராக முதலில் கோத்தகிரிப் பக்கமும் பிறகு கூடலூர்ப் பக்கமும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். புதன்கிழமை தடுப்பூசி நாள். ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்கார வைப்போம். அந்த அரை மணி நேரத்தில்தான் தாய்மார்கள் வாய் திறப்பார்கள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டதால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்தேன். அதிலிருந்து எடுத்த கேள்விகள் இவை. எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். எல்லாவற்றையும் படிக்க நேரம் இல்லாதவர்கள் ஏழாவது கேள்வியை மட்டும் படித்தால் போதும்.

1. பச்சைக் குழந்தையைப் போய் யாராவது உலுக்குவார்களா? எங்களிடம் எதற்கு இதைச் சொல்கிறீர்கள் நர்சம்மா?

கோபப்பட வேண்டாம். உங்களைக் கொடுமைக்காரர் என்று நினைத்துச் சொல்லவில்லை. இது நடக்கிற விதம் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். குழந்தை ஒரு மணி நேரமாக அழுகிறது. பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, தோளில் போட்டு நடந்தாயிற்று. வைத்திருப்பவர் இரண்டு நாளாகத் தூங்கவில்லை. "ஏன்டா இப்படி அழுகிறாய்?" என்று கத்தியபடி அக்குளுக்குக் கீழே இரு கையாலும் இறுகப் பிடித்து, முன்னும் பின்னுமாக நாலைந்து முறை உலுக்கிவிடுகிறார். சில நொடிகளில் முடிந்துவிடுகிறது.

அப்படிச் செய்தவர் காலையில் அந்தக் குழந்தையைக் கொஞ்சியவராகவே இருப்பார். அதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன். "நான் செய்யமாட்டேன்" என்று உறுதியாகச் சொல்கிறவர்களிடம் இரண்டு முறை சொல்கிறேன்.

2. வெளியே ஒரு கீறல்கூட இல்லையே. தலைக்குள் அப்படி என்ன ஆகிவிடும்?

"தலை நின்றுவிட்டதா?" என்று நாம் விசாரிக்கிறோம் அல்லவா, அந்தக் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்கு. அந்தப் பாரத்தைத் தாங்கும் வலு கழுத்துக்கு இன்னும் வரவில்லை. உலுக்கும்போது தலை சாட்டை நுனிபோல் முன்னும் பின்னும் வீசப்படுகிறது. குழந்தையின் மூளை நம்முடையதைவிட நீர்ச்சத்து மிகுந்தது, மென்மையானது. மண்டை ஓடு ஒரு பக்கம் போக, மூளை சற்றுப் பிந்தி வருகிறது. இரண்டுக்கும் நடுவே ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்கள் இழுபட்டு அறுந்து உள்ளே ரத்தம் கட்டுகிறது. மூளை வீங்குகிறது, மூச்சு தடைபடுகிறது. பலருக்குக் கண்ணின் விழித்திரையிலும் ரத்தம் கசிகிறது. வெளித்தோலில் எதுவும் தெரியாமல் போகலாம்.

இப்படிக் காயப்பட்டு மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்று இறந்துவிடுகிறது. பிழைத்தவர்களில் பலருக்குப் பார்வைக் குறைவு, வலிப்பு, கைகால் இறுக்கம், படிப்பில் பின்தங்கல் என ஏதாவது ஒன்று வாழ்நாள் முழுக்கக் கூட வருகிறது.

இது புதிதாகக் கிளப்பிவிட்ட பயமும் இல்லை. 1971-ல் கத்கெல்ச் என்ற பிரிட்டிஷ் மூளை அறுவை நிபுணர் இதைப் பற்றி எழுதினார். அடுத்த ஆண்டே கேஃபி என்ற அமெரிக்க எக்ஸ்-ரே மருத்துவர் விரிவாக எழுதினார். குழந்தையின் தலையையும் கழுத்தையும் பற்றி நம் பாட்டிமார்களுக்கு அதற்கு முன்பே தெரியும். கழுத்தின் கீழ் கை கொடுக்காமல் தூக்கினால் அவர்கள் பதறுவார்கள்.

3. அப்படியென்றால் தூளியில் போட்டு ஆட்டக்கூடாதா? மடியில் வைத்துக் குலுக்கித் தூங்க வைக்கிறோமே?

தாராளமாக ஆட்டுங்கள். தமிழில் இதற்கு நல்ல வேறுபாடு இருக்கிறது. ஆட்டுவது, அசைப்பது, தட்டிக் கொடுப்பது ஒரு வகை. உலுக்குவது வேறு வகை. மாமரத்தைப் பிடித்து உலுக்குவோமே, அந்த உலுக்கல்தான் ஆபத்து. முழங்காலில் வைத்து "ஆனை ஆனை" ஆடுவதாலோ, தோளில் போட்டு நடப்பதாலோ, தூளியை ஒரே சீராக ஆட்டுவதாலோ இந்தக் காயம் வருவதில்லை.

தூளியில் நான் பார்ப்பது இரண்டு விஷயம். ஒன்று, விட்டத்தில் கட்டிய கயிறும் கொக்கியும் உறுதியாக இருக்கின்றனவா, ஆடும்போது தூளி சுவரில் மோதுகிறதா என்பது. எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடான லைன் வீட்டில் அறை சிறியது, மோதும். மற்றொன்று, ஆட்டுகிற கை. தூங்க வைக்கிற கையும் எரிச்சலில் தள்ளுகிற கையும் ஒன்றல்ல. தூளி வேகம் எடுக்கிறது என்று உங்களுக்கே தெரியும்போது கயிற்றை விட்டுவிடுங்கள்.

அந்தரத்தில் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் மாமன்மார்களுக்குத் தனியாக: வேண்டாம். கை தவறினால் கீழே சிமென்ட் தரை.

4. மசினகுடியில் இருந்து கல்லட்டி வழியாக ஜீப்பில் ஏறி வந்தோம். 36 கொண்டை ஊசி வளைவு. குழந்தையின் தலை ஆடிக்கொண்டே வந்தது. ஏதாவது ஆகியிருக்குமா?

ஆகியிருக்காது. வளைவிலும் குழியிலும் வண்டி குலுங்குவதற்கும், ஒரு பெரிய ஆள் பலம் கொண்ட மட்டும் உலுக்குவதற்கும் பெரிய தூரம் இருக்கிறது. கழுத்துக்குப் பின்னால் கை கொடுத்து மார்போடு அணைத்துக்கொண்டால் போதும்.

பயணத்தில் நான் பயப்படுவது விழுவதற்கும் மோதுவதற்கும்தான். முன் இருக்கையில் மடியில் வைத்து உட்காராதீர்கள். பஸ்ஸில் படிக்கட்டுக்கு எதிர் இருக்கை வேண்டாம். இருசக்கர வாகனத்தில் ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும் ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டையும் கட்டாயம், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது 2023 பிப்ரவரியில் இருந்து மத்திய அரசின் விதி. ஒன்பது மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை ஸ்கூட்டரில் கொண்டு வரலாமா என்று கேட்டால், பஸ்ஸில் வாருங்கள் என்றுதான் சொல்வேன்.

5. குழந்தைக்கு உரம் விழுந்திருக்கிறது என்று மாமியார் புடவையில் போட்டு உருட்டுகிறார். குளிப்பாட்டி முடித்ததும் காலைப் பிடித்துத் தலைகீழாக உதறுகிறார். தடுத்தால் சண்டை வருகிறது. என்ன செய்வது?

இந்தப் பக்கங்களில் நான் மிகவும் கவனமாக எழுதும் பதில் இது. என்னையே என் பாட்டி அப்படி உதறித்தான் வளர்த்தார். அவர் கையில் அன்பு குறைவு என்று யாராலும் சொல்ல முடியாது.

தலைகீழாகப் பிடித்து உதறுவதும், முறத்தில் போட்டுப் புடைப்பதும், குடலேற்றம் என்று தொங்கவிட்டுத் தட்டுவதும் நிறுத்தப்பட வேண்டும். இரண்டாவது பதிலில் சொன்ன அதே கழுத்து, அதே தலை. எண்ணெய் வழுக்கும் ஈரக் காலைப் பிடித்துத் தூக்குகிறோம் என்பது கூடுதல் ஆபத்து. இருவர் புடவையின் இரு முனையைப் பிடித்து மெதுவாகப் புரட்டுவது அந்த அளவு வன்மையானது அல்ல. ஆனால் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று வேகம் ஏறுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் அதுவும் வேண்டாம் என்கிறேன்.

உரம் என்று வீட்டில் சொல்வதற்குள் பல காரணங்கள் ஒளிந்திருக்கும். தூக்கினாலே வீறிட்டால் பிரசவத்தில் காறை எலும்பு முறிந்திருக்கலாம். தலை ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் கழுத்துத் தசை இறுகியிருக்கலாம். காது வலியாக இருக்கலாம். முறிந்த எலும்போடு ஒரு குழந்தையைப் புடவையில் உருட்டுவதை நினைத்துப் பாருங்கள். மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலான நேரம் அது ஆறாவது கேள்வியில் வரும் சாதாரண அழுகையாகவே இருக்கும். உருட்டியதால் அழுகை நின்றது என்பார்கள். உருட்டாவிட்டாலும் அது ஒரு நேரம் நிற்கும்.

மாமியாரிடம் "நீங்கள் செய்வது தப்பு" என்று தொடங்காதீர்கள். என் அனுபவத்தில் அது ஒரு வீட்டிலும் பலித்ததில்லை. அவருக்கு வேறு வேலை கொடுங்கள். "அத்தை, கால் பிடித்துவிட உங்கள் கைதான் நன்றாக இருக்கிறது, எண்ணெய் தேய்த்து விடுங்கள். தலைகீழாக மட்டும் வேண்டாம், நர்சம்மா திட்டுகிறார்" என்று பழியை என் மேல் போடுங்கள். படகர் ஊர்களான பல ஹட்டிகளில் இந்தப் பழியை நான் சுமந்திருக்கிறேன். கனமாக ஒன்றும் இல்லை.

6. சாயங்காலம் ஆனால் போதும், மூன்று மணி நேரம் அழுகிறான். இது சாதாரணமா? பால் போதவில்லையா?

எடை ஏறுகிறது, ஒரு நாளைக்கு ஆறேழு முறை சிறுநீர் போகிறான், மற்ற நேரத்தில் முகம் பார்க்கிறான் என்றால் பால் போதும். அழுகைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பிறந்து இரண்டு வாரத்தில் கூடத் தொடங்கும். ஒன்றரை மாதத்தில் இருந்து இரண்டு மாதத்துக்குள் உச்சம். பிறகு இறங்கி மூன்று, நான்கு மாதத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். மாலையிலும் முன்னிரவிலும்தான் அதிகம். 1962-ல் பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 80 தாய்மார்களிடம் நாட்குறிப்பு எழுதி வாங்கினார். ஆறாவது வாரத்தில் குழந்தைகள் நாளுக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் அழுதன. அவை நோய் இல்லாத குழந்தைகள்.

குறைமாதத்தில் பிறந்திருந்தால் பிறந்த தேதியில் இருந்து எண்ணாதீர்கள். மருத்துவர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியில் இருந்து எண்ணுங்கள். உச்சம் அவ்வளவு தள்ளி வரும்.

உலுக்கிக் காயப்படும் குழந்தைகளின் வயதைப் பார்த்தால், அழுகை ஏறி இறங்கும் இதே மாதங்களில்தான் அதிகம். அதனால்தான் ஒன்றரை மாத ஊசிக்கு வரும்போது உங்களைப் பிடித்து வைத்துப் பேசுகிறேன். அட்டவணை போட்டவர்கள் அழுகையை நினைத்துப் போடவில்லை. ஆனால் இதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது.

7. எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். அடங்கவில்லை. எனக்குத் தலைக்குள் ஏறுகிறது. அந்த நேரத்தில் என்னதான் செய்வது?

முதலில் பார்க்க வேண்டியவை: பசி, ஈரத் துணி, குளிர், அதிகப் போர்வையால் வந்த வியர்வை. ஏப்பம் எடுத்தாயிற்றா? கை கால் விரல்களைப் பிரித்துப் பாருங்கள். கம்பளி உறையின் நூலோ உங்கள் தலைமுடியோ விரலைச் சுற்றி இறுகியிருக்கும். மலையில் உறை போடாத குழந்தை கிடையாது, அதனால் இதை நான் மறக்காமல் சொல்வேன். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் இருந்தாலோ, பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ, அழுகை வழக்கத்துக்கு மாறாகக் கீச்சென்று இருந்தாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இவை எதுவும் இல்லை, அழுகை மட்டும் நிற்கவில்லை, உங்கள் பல் கடிபடுகிறது, கை இறுகுகிறது என்றால் குழந்தையைக் கீழே படுக்க வையுங்கள். உருண்டு விழாத இடத்தில், மல்லாக்க, முகத்தருகே தலையணையோ தளர்ந்த கம்பளியோ இல்லாமல். குளிர்காலம் என்றால் குல்லாவும் சட்டையும் போட்டு. பிறகு அறையை விட்டு வெளியே வாருங்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். முகம் கழுவுங்கள். யாரையாவது கூப்பிடுங்கள். உங்களுக்கு மூச்சு சீரானதும் உள்ளே போய்ப் பாருங்கள். இன்னும் முடியவில்லை என்றால் மறுபடி வெளியே வாருங்கள்.

அழுததால் செத்த குழந்தை இல்லை. உலுக்கியதால் செத்த குழந்தை உண்டு. "அழவிட்டுவிட்டு வெளியே நிற்கிறாள் பார்" என்று யாராவது சொன்னால், நான் சொல்லித்தான் நிற்கிறாள் என்று சொல்லுங்கள்.

கேள்வியில் இல்லாத ஒன்று: குளிருக்கு என்று மூடிய அறைக்குள் கரிக் கணப்பு வைக்காதீர்கள். அந்தப் புகையில் நிறமும் மணமும் இல்லாத நச்சுக் காற்று இருக்கிறது. கணப்பு மூட்டித் தூங்கியவர்கள் எழாமலே போனது மலையில் உண்டு.

8. அழவிட்டால் தொப்புள் பிதுங்கும், மூச்சு நின்று நீலமாகிவிடும் என்கிறார்களே?

தொப்புள் பிதுக்கம் அழுகையால் வருவதில்லை. வயிற்றுச் சுவரில் ஏற்கெனவே இருக்கும் சிறு இடைவெளி அழும்போது கண்ணுக்குத் தெரிகிறது. பெரும்பாலும் தானாக மூடிவிடும். நாணயம் வைத்துக் கட்ட வேண்டாம்.

அழுது அழுது மூச்சடக்கி நீலமாவது சில குழந்தைகளுக்கு உண்டு, பெரும்பாலும் ஆறு மாதத்துக்குப் பிறகு. பார்க்கிறவர்களுக்கு உயிர் போகும். மூச்சு தானாகவே திரும்பும். ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்தில் இருங்கள். முதல் முறை நடந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். "எழுப்புகிறேன்" என்று அந்த நேரத்தில் பிடித்து உலுக்குகிறார்களே, அதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. கோபத்தில் உலுக்கினாலும் பயத்தில் உலுக்கினாலும் கழுத்துக்கு ஒன்றுதான்.

9. நாங்கள் இருப்பது எஸ்டேட் லைன் வீடு. நடுச்சுவர் கூரை வரை இல்லை. இவன் அழுதால் ஆறு வீட்டுக்குக் கேட்கும். விடிந்தால் எல்லோரும் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போக வேண்டும். எப்படி அழவிடுவது?

நோட்டுப் புத்தகத்தில் அடிக்கோடிட்டு வைத்த கேள்வி. பல வீடுகளில் அழுகையைவிட, அழுகை அடுத்த வீட்டுக்குக் கேட்கிறது என்ற வெட்கம்தான் கையை நடுங்க வைக்கிறது. சுவரை யாரோ தட்டுகிறார்கள். "பிள்ளையைப் பார்க்கத் தெரியவில்லை" என்று ஒரு குரல். கணவன் மனைவியைப் பார்த்துக் கத்துகிறான். எல்லாம் சேர்ந்து அந்தச் சின்ன உடம்பின் மேல் இறங்குகிறது.

குழந்தைக்கு ஒரு மாதம் ஆகும்போதே பக்கத்து வீடுகளில் சொல்லி வையுங்கள்: "இன்னும் இரண்டு மாதம் இவன் அழுவானாம், நர்சம்மா சொன்னார். இரவில் என்னால் முடியாதபோது கதவைத் தட்டுவேன்." சுவர் மெல்லியது என்பது அப்போது உதவியாக மாறும். பந்தலூர்ப் பக்கம் ஒரு லைனில், இலங்கையில் இருந்து தாயகம் திரும்பிய ஒரு மூதாட்டி இரவு ஒன்பது மணிக்கு மேல் அழுகிற எந்தக் குழந்தையையும் "இங்கே கொடு" என்று வாங்கிக்கொள்வார். தமக்குத் தூக்கம் வருவதில்லை என்று சாக்குச் சொல்வார். அந்த லைனில் எனக்குப் பேச வேண்டிய வேலையே இருந்ததில்லை.

சுவரைத் தட்டுகிறவர்களுக்கு: தட்டாதீர்கள். எழுந்து போய் "கொஞ்ச நேரம் நான் வைத்திருக்கிறேன்" என்று சொல்லுங்கள்.

10. இதை அவளிடம் சொன்னால் போதாதா? ஆண்களை எதற்கு உள்ளே கூப்பிடுகிறீர்கள்?

ஊசிக்குக் கூட்டி வந்துவிட்டு டீக்கடையில் நிற்கும் அப்பாக்கள் கேட்பது. வெளிநாட்டு ஆய்வுகளில், உலுக்கியவர் யார் என்று தெரிந்த வழக்குகளில் தந்தையோ தாயின் ஆண் துணையோதான் அதிகம். பழக்கம் இல்லாத கை, "அழுகையை நிறுத்தத் தெரியவில்லை" என்ற அவமானம், சில வீடுகளில் மது. குடித்திருக்கிற நேரத்தில் குழந்தையைக் கையில் வாங்காதீர்கள். இதை நான் எந்த ஆணிடமும் சுற்றி வளைத்துச் சொன்னதில்லை.

சொல்லிக் கொடுத்தால் பலன் உண்டா என்றும் கேட்பார்கள். நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் பிரசவ வார்டிலேயே தாய், தந்தை இருவரிடமும் விளக்கிக் கையெழுத்து வாங்கினார்கள். இத்தகைய காயங்கள் 47 சதவீதம் குறைந்ததாக 2005-ல் வெளியான ஆய்வு சொன்னது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அழுகையின் கணக்கை வார்டிலும், பிறகு வீட்டுக்கு வரும் செவிலியர் மூலமும் சொன்னார்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இந்தக் காயத்தோடு மருத்துவமனையில் சேர்வது 35 சதவீதம் குறைந்தது. பென்சில்வேனியாவிலோ நியூயார்க்கைப் போலவே செய்து பார்த்தும் எண்ணிக்கை குறையவில்லை. என் அனுபவத்தோடு சேர்த்துப் பார்த்தால் ஒன்று தோன்றுகிறது: பிரசவம் ஆன அன்று சொன்னது ஆறாவது வாரத்தில் நினைவில் இருக்காது. மறுபடி சொல்ல வேண்டும், குழந்தையை வைத்திருக்கப் போகும் எல்லோரிடமும் சொல்ல வேண்டும்.

11. மூத்தவளுக்குப் பதினொரு வயது. நான் கொழுந்து எடுக்கப் போகும்போது அவளிடம் விட்டுவிட்டுப் போகலாமா?

கைக்குழந்தையை மட்டும் வேண்டாம். அவளும் குழந்தைதான். ஏழாவது பதிலில் சொன்ன தலைக்குள் ஏறும் நேரத்தைச் சமாளிக்கப் பெரியவர்களுக்கே முடியவில்லை. எஸ்டேட்டில் பிள்ளைக் காப்பகம் இருந்தால் அங்கே விடுங்கள். ஆயாவிடமும் இதைப் பேசுங்கள். அவர் ஒரே நேரத்தில் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்று கேளுங்கள்.

12. இதை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நாள் இவளைத் தூக்கிச் சுவரில் எறிந்துவிடலாமா என்று தோன்றியது. நான் கெட்ட தாயா?

இல்லை. தோன்றியதைச் சொல்ல உங்களுக்கு வாய் வந்திருக்கிறது. தோன்றுவதும் செய்வதும் வேறு. தூக்கம் இல்லாத பல தாய்மார்களுக்கு இப்படி ஒரு கணம் வந்து போகிறது, யாரும் வெளியே சொல்வதில்லை. அன்று இரவு குழந்தையை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்குங்கள்.

அந்த எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால், இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் வெறுமையும் இருந்தால், குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால், அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். மருந்தும் ஆலோசனையும் உண்டு, பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். காதில் ஏதோ குரல் கேட்கிறது, குழந்தையைப் பற்றி விபரீத நம்பிக்கை வருகிறது என்றால் அது அவசர நிலை. வீட்டார் தாயையும் குழந்தையையும் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். பேய் ஓட்ட அழைத்துப் போய் இரண்டு வாரத்தை வீணாக்காதீர்கள்.

13. நேற்று இரவு இவர் கோபத்தில் ஒருமுறை உலுக்கிவிட்டார். இப்போது தூங்குகிறது. விட்டுவிடலாமா?

விடக்கூடாது. உலுக்கியபின் குழந்தை அமைதியாகிவிடுவதைப் பார்த்து "அடங்கிவிட்டது" என்று நினைப்பார்கள். மூளை அடிபட்டதால் வந்த மயக்கமாகவும் அது இருக்கலாம். பால் குடிக்காமை, எழுப்பினாலும் கண் திறக்காமை, திரும்பத் திரும்ப வாந்தி, உடல் தொய்வு அல்லது விறைப்பு, வலிப்பு, வெளுத்த முகம், உச்சிக்குழி புடைத்திருத்தல், மூச்சு விட்டு விட்டு வருதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் 108. எதுவும் இல்லாவிட்டாலும் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மலையில் நேரம் வேறு கணக்கு. கூடலூரில் இருந்து ஊட்டிக்கு 50 கிலோமீட்டர், மழைக்காலத்தில் மரம் விழுந்தால் அந்த வழியும் இல்லை. அதனால் "விடியட்டும்" என்று காத்திருக்க வேண்டாம். அருகில் இருக்கும் அரசு மருத்துவமனைக்கு முதலில் போங்கள். அங்கே மூச்சைக் காப்பாற்றியபின் ஸ்கேனுக்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். வழியில் தண்ணீரோ பாலோ ஊற்ற வேண்டாம். எழுப்புவதற்காக மறுபடி உலுக்க வேண்டாம். மூச்சு இல்லை என்றால் மூக்கையும் வாயையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, நெஞ்சு மேலெழும் அளவு மட்டும் மெதுவாக ஊதுங்கள். 108-ல் பேசுகிறவர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

14. உண்மையைச் சொன்னால் போலீஸ் வந்துவிடுமே? கட்டிலில் இருந்து விழுந்தது என்று சொல்லிவிடலாமா?

வரலாம், மறைக்க மாட்டேன். குழந்தைக்குக் காயம் என்றால் மருத்துவமனை காவல்துறைக்குத் தெரிவிக்கக்கூடும். குழந்தையைத் துன்புறுத்துவது 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி குற்றம்.

ஆனால் பொய் சொன்னால் என்ன நடக்கும் என்று பாருங்கள். வெளியே காயம் இல்லாத, வாந்தி எடுக்கும் குழந்தையை வயிற்றுக் கோளாறு என்று நினைத்து மருந்து கொடுத்து அனுப்பிவிடலாம். இதற்கு முன் பல குழந்தைகளுக்கு வெளிநாடுகளில் அப்படித்தான் தவறியிருக்கிறது. வீட்டுக்கு வந்தபின் மறுபடி உலுக்கல், மறுபடி மருத்துவமனை. "உலுக்கிவிட்டோம்" என்ற ஒரு சொல் மருத்துவரை நேராகத் தலை ஸ்கேனுக்குக் கொண்டுபோகும். எனக்குத் தெரிந்தவரை அந்த நேரத்தில் ஒரு தகப்பன் செய்யக்கூடிய பெரிய காரியம் அந்தச் சொல்லைச் சொல்வதுதான்.

அக்கம்பக்கத்தில் ஒரு குழந்தை தொடர்ந்து அடிபடுகிறது என்று தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் சொல்லுங்கள்.

15. உண்மையிலேயே கட்டிலில் இருந்து விழுந்துவிட்டாள். அப்போதும் இப்படி ஆகுமா?

கட்டில் உயரத்தில் இருந்து விழுந்த பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வீக்கத்தோடு போய்விடும். பதிமூன்றாவது பதிலில் உள்ள அடையாளங்கள் இருக்கின்றனவா என்று ஒரு நாள் முழுக்கக் கவனியுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்டது என்றால் அடையாளம் இல்லாவிட்டாலும் காட்டிவிடுங்கள்.

16. என் தம்பி இணையத்தில் படித்தானாம். இந்த நோயே பொய், மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை என்கிறான். உண்மையா?

தம்பி படித்தது பாதி சரி. சண்டை நடப்பது நீதிமன்றத்தில். மூளையைச் சுற்றி ரத்தம், விழித்திரையில் ரத்தம், மூளை வீக்கம் ஆகிய மூன்றும் இருந்தால், வேறு சாட்சி இல்லாமலேயே யாரோ உலுக்கினார் என்று தீர்ப்புச் சொல்லலாமா என்பதுதான் கேள்வி. 1971-ல் முதலில் எழுதிய கத்கெல்சே முதுமையில், இந்த அடையாளங்களை மட்டும் வைத்துச் சிலரைச் சிறைக்கு அனுப்பியது பற்றிக் கவலை தெரிவித்தார். அந்த மூன்றை வைத்து மட்டும் முடிவு செய்ய ஆதாரம் போதாது என்று ஸ்வீடன் அரசின் மருத்துவ மதிப்பீட்டு அமைப்பும் 2016-ல் சொன்னது.

வேறு காரணங்களும் உண்மையிலேயே உண்டு. வைட்டமின் கே குறைவால், யாரும் தொடாமலேயே, இரண்டு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் மூளையில் ரத்தம் கசியலாம். பிறந்தவுடன் தொடையில் போடும் ஊசி அதற்குத்தான். வீட்டில் பிரசவம் ஆகியிருந்தால் அந்த ஊசி போட்டார்களா என்று கேளுங்கள். ஆக, மூளையில் ரத்தம் என்றதும் பெற்றோரைக் குற்றவாளியாக்குவது தவறு. ஆனால் குழந்தையை உலுக்கினால் ஒன்றும் ஆகாது என்று இந்த விவாதத்தில் எந்தப் பக்கத்து மருத்துவரும் சொல்லவில்லை. தம்பியிடம் அந்த மீதிப் பாதியையும் படிக்கச் சொல்லுங்கள்.

17. எத்தனை வயது வரை பயப்பட வேண்டும்?

ஒரு வயது வரை அதிகம். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளும் காயப்பட்டிருக்கிறார்கள். உலுக்குவதற்கு ஏற்ற வயது என்று ஒன்று கிடையாது.

18. ஐந்து நிமிடம் வெளியே போ என்கிறீர்கள். இரவு பத்து மணிக்கு எங்கள் வாசலில் கரடி நிற்கிறது. வெளியே எங்கே போவது?

குன்னூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி கேட்டாள். வரிசையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள், நானும்தான். ஆனால் நியாயமான கேள்வி. சில ஊர்களில் கரடி, சில ஊர்களில் காட்டெருமை, கூடலூர்ப் பக்கம் யானை. வெளியே என்றால் வாசலுக்கு வெளியே என்று நான் சொல்லவில்லை, குழந்தை படுத்திருக்கும் அறைக்கு வெளியே. அடுப்படி போதும். ஒரே அறை என்றால் அந்த அறையின் மறு மூலை, முதுகைத் திருப்பிக்கொண்டு.

இரண்டரை மாத ஊசிக்கு அவள் மறுபடி வந்தாள். அடுப்படிக்குப் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைப்பாளாம். தூள் போட்டு, கொதித்து, வடிகட்டி, நின்றபடியே குடித்து முடிக்கிற வரை திரும்பிப் பார்ப்பதில்லையாம். "அப்போது அழுகை நின்றிருக்குமா?" என்று கேட்டேன். "எங்கே நிற்கிறது? அப்படியேதான் அழுதுகொண்டிருப்பான். நான்தான் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்த் தூக்கிக்கொள்வேன்" என்றாள்.